குரூப் போட்டோவுல வாய மூடிக்கிட்டு நிக்கிற பசங்க

1/ உங்க வீட்டுல பிள்ளைங்களோட ஸ்கூல் குரூப் போட்டோ இருந்தா கையில எடுங்க. பல்லு தெரியச் சிரிக்கிற பசங்க எத்தனை பேர், உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு நிக்கிற பசங்க எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க. எங்க கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அந்த ரெண்டாவது கணக்குக்குப் பின்னாடி பல நேரம் ஒரு மருத்துவக் காரணம் இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/ முதல்ல போட்டோ பத்திப் பேசிடுவோம். உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் படம் எடுத்தவங்க இருக்காங்க. ஜூலியன் ஜெர்மைன்னு ஒரு இங்கிலாந்துக்காரர். 2004-ல தன் ஊர்ப்பக்க வகுப்பறைகள்ல ஆரம்பிச்சு, அப்புறம் பல நாட்டு வகுப்பறைகளுக்குப் போனார். 2012-ல அது 'கிளாஸ்ரூம் போர்ட்ரெய்ட்ஸ்'னு புத்தகமா வந்துச்சு. ஜேம்ஸ் மாலிசன் பிள்ளைங்களையும் அவங்க தூங்குற இடத்தையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு 2010-ல ஒரு புத்தகம் போட்டார்.

3/ இந்த மாதிரிப் படங்கள்ல பிள்ளைங்க பெரும்பாலும் சிரிக்கிறதில்ல. நேரா நம்மளைப் பார்க்கிறாங்க. பார்க்கிற நாம உடனே "அந்தக் கண்ணுல எவ்ளோ சோகம்", "அவங்க கலாச்சாரமே அப்படி"ன்னு ஒரு கதை கட்டிடுறோம்.

4/ கலாச்சாரத்துக்கும் பங்கு இருக்கு, இல்லைன்னு சொல்லல. கேமரா முன்னாடி சிரிக்கிறதே மனுஷன் பழகிக்கிட்ட பழக்கம்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1905 முதல் 2013 வரைக்கும் வந்த அமெரிக்கப் பள்ளி ஆண்டு மலர்கள்ல இருந்து சுமார் 38 ஆயிரம் மாணவர் படங்களை எடுத்து கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டாங்க. வருஷம் ஏற ஏற சிரிப்பும் பெருசாகிட்டே போகுது. நம்ம தாத்தா பாட்டி கல்யாண போட்டோவுல யாரு சிரிச்சா?

5/ ஆனா இன்னிக்கு நிலைமை வேற. செல்ஃபி எடுத்தே வளர்ந்த பசங்க. வகுப்புல எல்லாரும் ஈன்னு பல்லைக் காட்டும்போது நாலு பேர் மட்டும் வாயை மூடினா, அதுக்குக் கலாச்சாரம்னு பேர் வைக்க முடியாது.

6/ ஒருநாள் ஓபியில ஒரு அம்மா, பத்தாவது படிக்கிற பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. "மேடம், பல்லு வெள்ளையாவறதுக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க"ன்னாங்க. பொண்ணு ஒரு வார்த்தை பேசல. "வாயைத் திற கண்ணு"ன்னு மூணு தடவை சொன்ன பிறகுதான் திறந்தா. முன்பல்லு ரெண்டுலயும் காவி நிறத்துல பட்டை. மத்த பல்லுல சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைத் திட்டு. ஈறு முழுக்கப் புண்ணு.

7/ ஈறு ஏன் புண்ணாச்சு? ஆறு மாசமா செங்கப்பொடி, உப்பு, எலுமிச்சம்பழம்னு போட்டுத் தேய்ச்சிருக்கா. ஸ்கூல்ல ஒரு சார் "பாக்கு போடுறியா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாராம். அதுக்கப்புறம் குரூப் போட்டோ எடுக்குற அன்னிக்கு லீவு போட்டுட்டா. இத்தனையும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

8/ கூடவே அஞ்சு வயசுத் தங்கச்சி வந்திருந்தா. ரெண்டாங்கிளாஸ் படிக்கிற தம்பியும் வந்திருந்தான். அவனுக்கு முளைச்ச முன்பல்லு ரெண்டும் பளிச்சுனு இருக்கு. ஒரே வீடு, ஒரே பேஸ்ட், ஒரே சாப்பாடு. "பெரியவ எங்க பொறந்தா?"ன்னு கேட்டேன். தருமபுரிப் பக்கம் ஒரு கிராமம், போர் தண்ணி. அவளுக்கு ஆறு வயசு இருக்கும்போது அப்பாவுக்கு ஓசூர்ல கம்பெனி வேலை கிடைச்சு குடி வந்திருக்காங்க. தம்பியும் தங்கச்சியும் பொறந்தது ஓசூர்ல.

9/ இதுக்குப் பேரு பல் ஃபுளோரோசிஸ். தண்ணியில அளவுக்கு மீறி ஃபுளோரைடு இருந்தா வரும். நம்ம மாவட்டத்துக்குப் பெருமை சேர்க்குற கிரானைட் பாறை இருக்கே, அந்த மாதிரிப் பாறைகள்ல ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கு. பாறை இடுக்குல வருஷக்கணக்கா தேங்கி நிக்கிற தண்ணியில அது கரையும். அந்தத் தண்ணியைத்தான் போர் போட்டு மேல எடுக்கிறோம்.

10/ இதுல முக்கியமா ஒண்ணு புரிஞ்சுக்கணும். நிலையான முன்பல்லு வெளிய முளைக்கிறது ஆறுல இருந்து எட்டு வயசுக்குள்ள. ஆனா ஈறுக்குள்ள அது உருவாகிறது பிறந்த சில மாசத்துல ஆரம்பிச்சு நாலஞ்சு வயசு வரைக்கும். அந்த நேரத்துல குடிச்ச தண்ணிதான் எனாமல்ல பதியுது. 15 வயசுப் பொண்ணோட பல்லுல இன்னிக்கு நாம பார்க்குறது அவளுக்கு ரெண்டு மூணு வயசா இருந்தப்போ வீட்டுக் குடத்துல இருந்த தண்ணியை.

11/ அதனாலதான் தேய்ச்சா போகாது. அழுக்கு மேல ஒட்டியிருந்தா போகும், இது உள்ளேயே உருவானது. பிள்ளை பல்லு விளக்காததால வந்ததில்ல. பாக்கு, புகையிலையாலயும் வந்ததில்ல. ஆசிரியர்கள் யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு இந்த ஒரு வரியை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கோங்க.

12/ எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? ஃபுளோரோசிஸ் பெரும்பாலும் இடது பக்கம், வலது பக்கம் ஜோடி ஜோடியா ஒரே மாதிரி இருக்கும். குறுக்குவாட்டுல கோடு கோடா வரும். சொத்தைன்னா ஒரு இடத்துல குழி விழும். இரும்புச்சத்து சிரப் குடிச்ச கறை மேலாக்குல கருப்பா இருக்கும், பல் டாக்டர் சுத்தம் பண்ணினா போயிடும். சந்தேகம்னா காட்டிக் கேட்டுடுங்க.

13/ இது நம்ம ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. 1901-ல ஃபிரெடரிக் மெக்கேன்னு ஒரு இளம் பல் டாக்டர் அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊருக்கு வேலைக்குப் போனார். அங்கேயே பொறந்து வளர்ந்த பிள்ளைங்களுக்குப் பல்லெல்லாம் காவி. வெளியூர்ல இருந்து பெரியவங்களா வந்தவங்களுக்கு ஒண்ணுமில்ல. காரணம் ஃபுளோரைடுதான்னு உறுதியாக 1931 ஆச்சு. முழுசா 30 வருஷம்!

14/ இந்தியாவுல இதை முதல்ல ஆவணப்படுத்தினது 1937-ல, நம்ம பழைய மெட்ராஸ் மாகாணத்துல. ஷார்ட்டும் அவரோட வேலை பார்த்த டாக்டர்களும் நெல்லூர்ப் பக்கம் பார்த்து எழுதினாங்க. தெலங்கானாவுல நல்கொண்டா, கர்நாடகாவுல பாவகடா, பீகார்ல நவாதா, ராஜஸ்தான்ல நிறைய ஊர், ஆப்பிரிக்காவுல எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா வழியாப் போற பிளவுப் பள்ளத்தாக்கு... எல்லா இடத்துலயும் இதே பல்லு.

15/ இப்ப ஓசூருக்கு வாங்க. சிப்காட்டைச் சுத்தி இருக்கிற அரசுப் பள்ளிக்குள்ள போனா தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி, ஒடியான்னு ஒரே வகுப்புல அத்தனை மொழி. வெளிநாட்டு போட்டோகிராஃபர் நாடு நாடாப் போய்ச் சேர்க்க வேண்டிய முகங்கள் இங்க ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருக்கு. பள்ளி மருத்துவ முகாம்ல வாயைத் திறக்கச் சொன்னா, எந்தப் பிள்ளை எந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளர்ந்ததுன்னு பல்லே பாதி சொல்லிடும். பீகார்ல இருந்து வந்த பையனும் பாலக்கோட்டுல இருந்து வந்த பையனும் ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குப் புரியாம, ஒரே மாதிரி கையால வாயைப் பொத்துறாங்க.

16/ அரசாங்கம் எதுவும் பண்ணலையா? பண்ணியிருக்கு. 2008-ல அடிக்கல் நாட்டி, கர்நாடகாவுல எதிர்ப்பெல்லாம் கிளம்பி, ஜப்பான் கடனுதவியோட முடிஞ்சு 2013-ல திறந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அதோட முழுப் பேர்லயே 'ஃபுளோரோசிஸ் தணிப்பு'ன்னு இருக்கு. காவிரித் தண்ணியை தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வரைக்கும் கொண்டு வந்ததுக்கு இந்தப் பல்லு ஒரு பெரிய காரணம்.

17/ அந்தத் திட்டம் எந்தத் தெரு வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சுன்னு பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு. 2013-க்கு அப்புறம் பொறந்த பிள்ளைங்களுக்கு இப்ப முன்பல்லு முளைச்சிடுச்சு. அவங்க பல்லு அவங்க அண்ணன், அக்கா பல்லை விட வெள்ளையா இருக்கணும். இருந்தா, குழாய்த் தண்ணி அந்த வீட்டுக்குச் சரியா வந்திருக்கு. இல்லைன்னா, அந்தத் தெருவுல இன்னும் போர் தண்ணியைத்தான் குடிக்கிறாங்களான்னு போய்க் கேட்கணும். நான் விசாரிச்ச பல லைன் வீடுகள்ல, பத்து குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே போர்தான்.

18/ இதை வெறும் அழகுப் பிரச்சினைன்னு ஒதுக்கிடாதீங்க. அதிக ஃபுளோரைடு தண்ணியைப் பல வருஷம் குடிச்சா எலும்பையும் தாக்கும். மூட்டு இறுகும், முதுகு வளையும், சில பிள்ளைங்களுக்குக் கால் வளையும். பல்லு கண்ணுக்குத் தெரியுற எச்சரிக்கை மட்டும்தான்.

19/ சரி, என்ன பண்ணலாம்?

– குடிதண்ணியைப் பரிசோதிங்க. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது. 1.5-ஐத் தாண்டினா அந்தத் தண்ணியைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். குளிக்க, துவைக்கப் பயன்படுத்தலாம்.
– கொதிக்க வச்சா ஃபுளோரைடு போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் செறிவாகும். ஆர்ஓ ஃபில்டர்ல குறையும்.
– எட்டு வயசுக்குக் கீழ பிள்ளைங்க இருக்கிற வீட்டுல நல்ல தண்ணி முதல்ல அவங்களுக்கு. பால் பவுடர் கலக்குற தண்ணியையும் சேர்த்துத்தான் சொல்றேன்.
– பால், கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய் குடுங்க. கால்சியம், வைட்டமின் சி குறைஞ்ச பிள்ளைங்களுக்கு பாதிப்பு அதிகம்.
– மூணு வயசுக்குக் கீழ அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு. துப்பப் பழக்குங்க. பயந்துகிட்டு பேஸ்ட்டே வேண்டாம்னு நிறுத்தினா சொத்தை வரும்.

20/ ஏற்கனவே காவியான பல்லுக்கு மாத்திரை கிடையாது. ஆனா வைத்தியம் இருக்கு. லேசா இருந்தா மேல் அடுக்கை மெல்லிசா தேய்ச்சு எடுக்கலாம். ஆழமா இருந்தா பல் நிறத்துலயே பூச்சு வைக்கலாம். இதைப் பல் டாக்டர்தான் செய்யணும். அரசு மருத்துவமனையில பல் பிரிவு இருக்கு, அங்க முதல்ல காட்டுங்க. அந்தப் பொண்ணையும் அங்கதான் அனுப்பினேன். செங்கப்பொடியை அன்னிக்கே நிறுத்தச் சொன்னேன்.

21/ ஸ்டூடியோ அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். சில பேர் நல்ல மனசோட அந்தப் பல்லை போட்டோஷாப்ல வெள்ளையாக்கிக் குடுத்துடுறீங்க. பிள்ளையோ பெத்தவங்களோ கேட்டா செய்யுங்க. கேட்காம செய்யாதீங்க. தன் முகத்துல திருத்த வேண்டிய தப்பு இருக்குன்னு அந்தப் பிள்ளைக்கு முதல்ல சொல்ற ஆளா நீங்க இருக்க வேண்டாம்.

22/ ஆசிரியர்கள், பெற்றோர்களுக்கு: வாயை மூடி நிக்கிற பிள்ளையை "சிரிடா, சிரிடா"ன்னு எல்லார் முன்னாடியும் வற்புறுத்தாதீங்க. அது பாட்டுக்கு நிக்கட்டும். போட்டோ எடுத்து முடிச்ச பிறகு தனியாக் கூப்பிட்டு, "சின்ன வயசுல எந்த ஊர்ல இருந்தீங்க, வீட்டுல என்ன தண்ணி?"ன்னு கேளுங்க. தம்பி தங்கச்சி இருந்தா, அந்தத் தண்ணியை அவங்க இன்னும் குடிக்கிறாங்களான்னும் கேளுங்க. அவங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.

23/ பிள்ளைங்க பல்லை போட்டோ எடுத்து இங்க கமெண்ட்ல போடாதீங்க. பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனைக்கு நேர்ல கூட்டிட்டுப் போங்க. தண்ணி ரிசல்ட் வந்திருந்தா நம்பரை மட்டும் கேளுங்க, பதில் சொல்றேன்.