ஒரு சாண் கம்பி

கைத்தொழில் ஒன்றையேனும் கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் அறிவுரையை மாணவர்க்கு மேடைதோறும் வழங்கி வந்துள்ளோம். ஆயினும் அவ்வறிவுரையை நாமே கைக்கொண்டது ஐம்பது அகவையைக் கடந்த பின்னர்தான். அதுவும் விரும்பிக் கற்றதன்று; ஒரு சாண் நீளக் கம்பியின் பொருட்டுக் கற்றது. இலக்கணம் பயிற்றுவோர்க்குக் கம்பியோடு என்ன தொடர்பு என வினவுவோர் இருக்கக்கூடும். அவர்க்கு விடையாகவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

எம் தந்தையார் 1980-களில் துபாயில் பணியாற்றினார். தொலைபேசியில் நான்கு சொல் பேசுவதற்கும் பெரும்பொருள் செலவாகிய காலம் அது. ஆதலின் வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் தம் குரலை ஒலிநாடாவில் பதிந்து, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்புவதுண்டு. அவ்வாறு எம் இல்லத்திற்கு வந்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பது 1984-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்றே. பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா, கிணற்றில் நீர் ஊறுகின்றதா, கொல்லைச் சுவரை எழுப்பக் கொத்தனார் வந்தாரா என்றெல்லாம் அதில் வினவுகின்றார். இடையிடையே இருமுகின்றார். அவர் மறைந்து ஆண்டுகள் பலவாயினும், எம் அன்னையார் அந்நாடாவைக் கேட்பதை விட்டாரல்லர்.

தந்தையார் ஊர் திரும்பியபோது கொணர்ந்த வாக்மேன், பெல்ட் இருமுறை மாற்றப்பெற்று, இன்றும் ஓடுகின்றது. ஆனால் எண்பதைக் கடந்த அன்னையார்க்கு இடச்செவி மங்கிவிட்டது, வலச்செவியே துணை. வாக்மேனின் ஒலி அவர்க்குப் போதவில்லை. இதனை அறிந்த இயற்பியல் துறை மாணவர் ஒருவர், பெப்பர்மின்ட் மிட்டாய் வந்த தகரப் பெட்டிக்குள் 9 வோல்ட் பேட்டரியால் இயங்கும் ஒலிபெருக்கி ஒன்றைச் செய்து தந்தார். வாக்மேனிலிருந்து பெட்டிக்கு ஒரு கம்பி. பெட்டியிலிருந்து ஹெட்போனுக்கு அதன் கம்பி. இவ்வளவே ஏற்பாடு. பெட்டிக்குச் செல்லும் கம்பியைக் கடையில் வாங்கினோம். ஒரு சாண் போதுமான இடத்தில் ஒரு மீட்டர் நீளம்! மடித்து மடித்து வைத்ததில் பின்னின் கழுத்தருகே சில திங்களில் அறுந்தது. மற்றொன்று வாங்கினோம், அதுவும் அவ்வாறே ஆயிற்று. மாணவரோ, “ஐயா, நீங்களே செய்துவிடலாம், கடினமன்று” என்றார். சென்னை ரிச்சித் தெருவிற்குச் சென்று, வேண்டிய பொருள்களுடன் திரும்பினோம்.

3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னைப் பலரும் நாள்தோறும் கையாண்டிருப்பர். அதன் உறுப்புகளை நோக்கியோர் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் இணைப்புத் தரப் பயன்பட்ட பெரிய பின்னின் சிறிய வழித்தோன்றல் அது. அதில் இரண்டு கறுப்பு வளையங்கள் மூன்று உலோகப் பகுதிகளைப் பிரிக்கின்றன. நுனி இடச்செவிக்கு, நடு வளையம் வலச்செவிக்கு, அடிப்பகுதி இரண்டிற்கும் பொதுவான திரும்பு வழி. ஆகவே கம்பியில் மூன்று இழைகள் வேண்டும். இரண்டு இழைகளைச் சூழ்ந்து செப்புப் பின்னல் உடைய கம்பியைத் தேர்ந்தால், அப்பின்னலே திரும்பு வழியாகவும், வெளி இரைச்சலைத் தடுக்கும் வேலியாகவும் அமையும்.

முதல் முயற்சியில் மாலை முழுவதும் முயன்று மூன்று இழைகளையும் பற்றவைத்து நிமிர்ந்தபோது, பின்னின் மூடியை முன்னரே கம்பியில் கோக்க மறந்தமை தெரிந்தது. பற்றவைத்த அனைத்தையும் கழற்ற வேண்டியதாயிற்று. பந்தியில் சோற்றைப் பரிமாறிய பின்னர் இலையைத் தேடியவர் கதைதான்!

இரண்டாம் முயற்சியில் மூடியை மறந்தோமல்லேம். ஆனால் சால்டரிங் அயர்னை ஒரே இடத்தில் நெடுநேரம் வைத்துவிட்டோம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகிவிடும். ஓரிரு நொடிகள் போதும். நாமோ உறுதி வேண்டி மேலும் மேலும் சூடேற்றினோம். பின்னின் உள்ளிருந்த பிளாஸ்டிக் இளகி, நடு வளையத்தின் தகடு அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டது. அதனை அறியாமல், சோதித்தும் பாராமல், பெருமிதத்துடன் அன்னையாரிடம் கொடுத்தோம்.

ஹெட்போனை அணிந்துகொண்டு பொத்தானை அழுத்தினார். நாடா சுழன்றது. அவர் முகத்தில் மாற்றமில்லை. சற்று நேரத்தில் எம்மை நிமிர்ந்து நோக்கி, “அப்பா பேச்சு அழிஞ்சு போச்சாப்பா?” என்றார்.

அவ்வினாவை இன்றும் எம்மால் மறக்க இயலவில்லை. வாங்கி அணிந்து பார்த்தோம். இடப்புறம் தந்தையார் கொத்தனாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வலப்புறம் ஓசையே இல்லை. ஹெட்போனைத் திருப்பி, ஒலிக்கும் பக்கத்தை அவருடைய வலச்செவியில் பொருத்தினோம். “இருக்கு, இருக்கு” என்று தலையசைத்தார். பின்னர் ஹெட்போனை நேரே வாக்மேனில் செருகிக் கேட்டோம், இருபுறமும் ஒலித்தது. நாடாவில் பழுதில்லை, பழுது எம் கைவேலையில்தான்.

மூன்றாம் முறை முறைப்படி தொடங்கினோம். மூடியை முதலில் கோத்தோம். இழையின் நுனிக்கும் பின்னின் தகட்டிற்கும் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்துத் தொட்டோம், நொடியில் ஒட்டிக்கொண்டன. ஆறும்வரை அசைக்கவில்லை. அசைத்தால் இணைப்பு மங்கிச் சொரசொரப்பாகி, நாளடைவில் விட்டுப்போகும். கம்பியின் தோலைப் பின்னின் பற்றுவாய் இறுகப் பிடிக்குமாறு நெரித்தோம். இழுவிசையை இணைப்பன்று, தோலே தாங்க வேண்டும். இறுதியில் மல்ட்டிமீட்டரால் நுனிக்கு நுனி, வளையத்திற்கு வளையம், அடிக்கு அடி தொடர்புண்டா என்றும், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் உள்ளதா என்றும் சோதித்தோம். கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே அன்னையாரை அழைத்தோம், காரீயம் நஞ்சன்றோ!

வெள்ளிக் கம்பியாயின் குரல் இன்னும் இனிக்குமே என நண்பர் ஒருவர் கூறினார். செம்பினும் வெள்ளி மின்சாரத்தை நன்கு கடத்துவது உண்மையே. வேறுபாடு நூற்றுக்கு ஆறு அளவாகும். ஆனால் நாம் செய்த ஒரு சாண் செப்பிழையின் மின்தடை ஓர் ஓமில் 50-இல் ஒரு பங்கினும் குறைவு. அது சென்று சேரும் பெட்டியின் உள்ளீட்டுத் தடையோ 10,000 ஓம். கடலில் கரைத்த பெருங்காயத்தில் ஆறு விழுக்காட்டைக் கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன? எம் கம்பி கடைக்கம்பியைவிட இனிமையாக ஒலிக்கின்றது என்று கூறமாட்டோம். அளவு பொருந்தியது, கழுத்து அறுவதில்லை, அறுந்தாலும் சீர்செய்யத் தெரியும். எமக்கு இவை போதும்.

அன்னையாரின் வினா ஒரு கடமையையும் உணர்த்திற்று. அடுத்த ஞாயிறன்று இன்னுமொரு கம்பி செய்து, வாக்மேனைக் கணினியுடன் இணைத்து, நாடாவின் இருபுறத்தையும் படியெடுத்து மூன்று இடங்களில் சேமித்தோம். நாடா என்றேனும் ஒருநாள் நைந்துபோகும். அன்று அவ்வினாவிற்கு எம்மிடம் விடையிருக்கும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்து அலமாரியிலும் இத்தகைய நாடா ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். அதனைத் தேடியெடுங்கள். கம்பி இல்லையெனின் துறைக்கு வாருங்கள். இருவரும் சேர்ந்தே செய்வோம். மூடியை முதலில் கோக்க மட்டும் மறவாதீர்கள்.