சட்டம் கொடுத்த தவணை

அந்தக் காலத்தில் ஒருவருடைய பெயர் கெட்டால் அது தெருவுக்கு மட்டுந்தான் தெரியும். எங்கள் புதுச்சேரியில் மளிகைக் கடைக்காரர் ஆளைப் பார்த்தே கடன் கணக்கு எழுதுவார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வரும் ‘சொல்தா’ வீடு என்றால் மூட்டை அரிசிகூடக் கடனாகப் போகும். மற்றவர்கள் பாடு கடைக்காரரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது! இப்போது கடைக்காரர் இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது முகம் பார்ப்பதில்லை. 300 முதல் 900 வரை ஓர் எண்ணைப் பார்க்கிறது. ‘சிபில் மதிப்பெண்’ என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால் அடுத்த பரீட்சையில் சரிக்கட்டலாம். இதில் குறைந்தாலோ, கடன் கேட்டுப் போகும் வாசலெல்லாம் சாத்திக்கொள்கிறது.

என் தங்கை மகனுக்கு அப்படித்தான் ஆயிற்று. வயது 22. மேட்டுப்பாளையம் டிரக் டெர்மினலில் லாரிக் கிளீனர் வேலை. அவன் அப்பா படுத்த படுக்கையானபோது, செல்போனுக்கு வாங்கிய தவணை மூன்று மாதம் நின்றுபோயிற்று. மருந்து வாங்குவதா, தவணை கட்டுவதா? மருந்துதான் வாங்கினான். அதைக் குற்றம் என்று யார் சொல்ல முடியும்? கம்ப்யூட்டர் மட்டும் சொல்லிற்று.

கிளீனர் டிரைவரானால் சம்பளம் உயரும். ஆனால் லாரி ஓட்டும் லைசென்ஸுக்குப் பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் வேண்டும். டாக்டர் சான்றிதழும் வேண்டும். ஒரு பயிற்சிப் பள்ளியில், காருக்கும் லாரிக்கும் சேர்த்து மொத்தப் பணத்தையும் இப்போதே கட்டினால் சலுகை என்றார்களாம். அந்தச் சலுகைத் தொகையே அவனுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல்! பாங்கில் போய்க் கேட்டான். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள்.

பாங்கு கதவைச் சாத்தினால் வேறு கதவுகள் தாமாகத் திறக்கின்றன, பாருங்கள்! செல்போனில் ஐந்து நிமிஷத்தில் கடன் தருகிறோம் என்றது ஒரு செயலி. வட்டியைக் கணக்குப் போட்டால் தலை சுற்றியது. லாரி முதலாளி ஒருவர், “பள்ளிப் பணத்தை நான் கட்டுகிறேன். லைசென்ஸ் என்னிடம் இருக்கட்டும். மூன்று வருஷம் என் லாரியைத் தவிர வேறு தொடக்கூடாது” என்றார். பையன் அதற்குக்கூடத் தயாராகிவிட்டான். பிறகு என் தங்கை, கழுத்தில் மிஞ்சியிருந்த ஒற்றைச் சங்கிலியைக் கழற்றினாள்.

“அக்கா, இதை அடகு வைத்துவிடலாமா? இல்லையென்றால் நீ ஜாமீன் கையெழுத்துப் போடுகிறாயா?”

ஜாமீன் என்பது வெறும் கையெழுத்து என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அந்தக் கடன் நம்முடைய கணக்கிலும் ஏறும். அவன் தவறினால் நமது மதிப்பெண்ணும் இறங்கும். “கையெழுத்து வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். முதலில் விசாரிப்போம்” என்றேன். தங்கை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நூறடி ரோட்டுப் போக்குவரத்துத் துறை அலுவலகத்துக்கு அவனை அனுப்பினேன். தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தான்.

“போச்சு பெரியம்மா! இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கணுமாம்!”

அவனிடம் இருந்தது மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டுமே. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, கார் போன்ற இலகுரக வாகன லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆன பிறகுதான் லாரிக்குப் பழகுநர் உரிமமே கிடைக்கும். எனக்கோ சிரிப்பு வந்தது. ஒரு வருஷம் கழித்து நடக்கப்போகும் பாடத்துக்கு இன்றைக்கே கடன் வாங்கி, இன்றிலிருந்தே வட்டி கட்டுவானேன்? சலுகையாவது, மண்ணாவது! அந்த ஒரு வருஷம், சட்டமே வட்டியில்லாமல் கொடுத்த தவணை அல்லவா?

அன்றிரவு நாங்கள் மூவரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். முதலில் காருக்கு மட்டும் கட்டணம். அது சின்னத் தொகை, கையிலிருந்தே கட்டினான். பழகுநர் உரிமம் வாங்கி முப்பது நாள் கழித்து ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம். கார் லைசென்ஸ் வந்ததும் ‘குட்டி யானை’ ஓட்டப் போனான். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இந்த லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வயது இருபது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை ஏற்றி வருகிறான். கிளீனர் சம்பளத்தைவிடக் கூடுதலாக வருவதை, மாதாமாதம் பாங்கில் ஓராண்டுத் தொடர் வைப்பாகப் போடுகிறான். லாரிப் பள்ளிக் கட்டணம் அதுதான்.

பெயரைத் துலக்கும் வேலையும் கூடவே நடந்தது. நம் கடன் கணக்கை வைத்திருக்கும் கம்பெனிகள் நான்கு. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் விதி. வாங்கிப் பார்த்தோம். முன்பே கட்டி முடித்த வேறொரு சின்னக் கடன், பாக்கியென்று நின்றுகொண்டிருந்தது! ரசீதோடு புகார் கொடுத்தோம், திருத்தினார்கள். முப்பது நாளுக்குள் புகாரைத் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று 2024 முதல் விதி இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

செல்போன் பாக்கிக்கு வேறொரு வலை விரித்தார்கள். “பாதி கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்” என்றார்கள். கேட்கத் தேனாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி முடித்தால் கணக்கில் ‘செட்டில்டு’ என்று எழுதுவார்கள். முழுதும் கட்டவில்லை என்று அதற்குப் பொருள். அடுத்த கடன்காரர் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். முழுதும் கட்டினால் ‘க்ளோஸ்டு’. இரண்டு வார்த்தைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! மூன்று மாதத்தில் முழுதும் கட்டி, பாக்கியில்லை என்ற சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வைத்தான்.

பணம் புரட்டவே முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். நம் ஊரில் ‘பாட்கோ’ என்ற ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோருக்கும் சிறுபான்மையினருக்கும் தனிக் கழகம் இருக்கிறது. பயிற்சித் திட்டமோ கடன் திட்டமோ இந்த வருஷம் உண்டா என்று ஒரு நடை கேட்டுவிட்டு, பிறகு சங்கிலியைத் தொடுங்கள். எட்டாவது படிக்கவில்லையே என்ற கவலையும் வேண்டாம். அந்த விதியை 2019-இலேயே எடுத்துவிட்டார்கள்.

மகனுக்குத்தான் இதெல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இலேயே தமிழ்நாட்டு அரசு பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். வீட்டில் ஒரு பெண், “நானும் லாரி ஓட்டப் போகிறேன்” என்றால் அவளுக்கும் இதே ஓராண்டு, இதே கணக்குத்தான்.

பையனுக்குப் பத்து மாதம் கழிந்துவிட்டது. இன்னும் இரண்டே மாதம். பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் சேர்ந்துவிட்டது. மதிப்பெண் மெல்ல மெல்ல ஏறுகிறது. அதற்கு அவசரமே கிடையாது போலிருக்கிறது! லாரி முதலாளி மறுபடியும் ஆள் அனுப்பினாராம். “லைசென்ஸ் என் சட்டைப் பையிலேதான் இருக்கும். சம்மதமானால் பேசலாம் என்று சொல்லிவிட்டேன் பெரியம்மா” என்றான். அந்தப் பேச்சில் இருந்த நிமிர்வை எந்தக் கம்ப்யூட்டரும் மார்க் போட்டுக் காட்ட முடியாது.

தங்கை இப்போது என்னோடு பேசுகிறாள். சங்கிலியும் அவள் கழுத்திலேதான் இருக்கிறது.