காற்றுக்கு விட்ட வழி

ஈஜிபுராவின் குறுகிய தெரு ஒன்றில் மிக்ஸி, மின்விசிறி, பழைய ஆம்ப்ளிஃபயர் என எல்லாவற்றையும் பழுதுபார்க்கும் சிறு கடை உண்டு. ஒரு பிற்பகலில் ஐம்பதைக் கடந்த பெண் ஒருவர் இரண்டு மரப்பெட்டி ஒலிபெருக்கிகளையும் ஒரு கேசட் பிளேயரையும் ஆட்டோவிலிருந்து அங்கே இறக்கினார். 1980களில் அவருடைய தந்தை வாங்கியவை. 2013 ஜனவரியில் ஈஜிபுராவில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான குடியிருப்பு இடிக்கப்பட்டபோது ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் வீடிழந்தன. அவருடையதும் அவற்றுள் ஒன்று. தெருவில் குவிந்த சாமான்களுக்கிடையே ஒரு பெட்டியின் முகப்புச் சட்டம் மூலையில் முறிந்தது. மற்றொன்றின் துணி கிழிந்தது. பிள்ளைகள் கூம்பில் விரலை விட்டுவிடக் கூடாதே என்று, கனத்த திரைச்சீலை ஒன்றை இரண்டாக மடித்து, இரு சட்டங்களையும் மூடித் தைத்துவைத்தார். வாடகை அறையில் அது பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் கடைக்கு வந்தது சட்டத்துக்காக அன்று.

"அண்ணா, கேசட் அழிஞ்சுகிட்டே வருது. முழுசா போறதுக்குள்ள வேற எதுலயாவது ஏத்திக் குடுக்க முடியுமா?"

வளைகுடாவில் வேலைபார்த்த தம் இளைய மகனுக்குத் தந்தை பேசி அனுப்பிய ஒலிநாடாக் கடிதங்கள் அவை. மகன் ஊர் திரும்பியபோது அவற்றையும் கொண்டுவந்து அக்காளிடம் கொடுத்தார். ஒரு நாடாவில், பேச்சின் நடுவே, தந்தை தம் மகளைப் பெயர்சொல்லி அழைக்கிறார். பெயரின் முதலெழுத்து 'ச'. அந்த எழுத்து இப்போது கேட்பதில்லை, பெயர் இரண்டாம் எழுத்திலிருந்தே தொடங்குகிறது என்றார் அவர். தந்தை மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் குரல் வேறெங்கும் இல்லை.

பழுதுபார்ப்பவர் முதலில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நாடா உரசும் ஹெட்டைத் துடைத்தார். பெரிய மாற்றமில்லை. பிறகு திருப்புளியின் நுனியால் முகப்புச் சட்டத்தை மெல்ல நெம்பிக் கழற்றி வைத்துவிட்டு, நாடாவைப் பின்னோக்கி ஓட்டினார்.

"இப்ப கேளும்மா."

பெயர் முதலெழுத்தோடு வந்தது.

ஒலியனியல் படித்தவர்களுக்கு இதன் காரணம் புலப்படும். உயிரொலிகளை வேறுபடுத்திக் காட்டும் ஆற்றல் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே அமைகிறது. பேச்சில் 's' என உரசி ஒலிக்கும் சகரத்தின் ஆற்றலோ 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயே மிகுதி. பழைய தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியதால்தான் அதில் 'எஸ்' என்பதும் 'எஃப்' என்பதும் குழம்பின. அடர்ந்த துணி தாழ்ந்த ஒலிகளை அதிகம் தடுப்பதில்லை; உயர்ந்த ஒலிகளையே விழுங்குகிறது. குரல் இருக்கும், குரலுக்குரியவரும் தெரிவார், சொல்லின் விளிம்பு மட்டும் தேய்ந்துவிடும். முகப்பை வெறும் அலங்காரம் என்று வடிவமைப்பாளர்களும் கருதியதில்லை. பிபிசி 1970களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்னும் சிறிய ஒலிபெருக்கி, முகப்புத்துணி மாட்டிய நிலையிலேயே கேட்பதற்காக வடிவமைக்கப்பட்டது.

புதுத் துணி தேர்வதற்கு அந்தக் கடையில் கருவி ஏதும் இல்லை. பழுதுபார்ப்பவர் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு உதட்டருகே வைத்து ஊதி, மறுபுறம் உள்ளங்கையில் காற்றை உணர்ந்தார். பூவேலை செய்த பட்டுப்போன்ற துணியைத்தான் அந்தப் பெண் விரும்பினார். ஊதிய காற்று கைக்கு வரவில்லை. "பார்வைக்கு நல்லா இருக்கும்மா. ஆனா பேச்சு வராது" என்று அதை ஒதுக்கினார்.

கடைக்காரர் அந்த முகப்பை 'ஜாலி' என்கிறார். வலையைக் குறிக்கும் 'ஜாலம்' என்ற வடசொல்லின் வழிவந்தது அது. வலை என்றால் மனம் இழையை நினைக்கும். தமிழின் பழஞ்சொற்கள் இடைவெளியை நினைத்தன. பல கண்களை உடையது 'பலகணி'. சல்லடைக்கும் வலைக்கும்கூடக் கண்கள்தாம் உண்டு. சிலப்பதிகாரத்தில் சாளரத்துக்கு வழங்கும் பெயர் 'காலதர்': கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. உதட்டருகே துணியை வைத்து ஊதியவர் அந்தச் சொல்லின் பொருளைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார்.

முறிந்த மூலையில் பெவிகால் தடவி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஓரிரவு காயவைத்தார். உட்புறத்தில் தகட்டு முக்கோணம் ஒன்றைத் திருகினார். மரம் துணியினூடே வெளுத்துத் தெரியாதபடி சட்டத்துக்குக் கருப்பு பூசினார். மெல்லிய கருப்புப் பாலியெஸ்டர் துணியை விரித்து, முதலில் நான்கு பக்கங்களின் நடுவிலும் ஸ்டேப்பிள் அடித்து, அங்கிருந்து மூலைகளை நோக்கி நகர்ந்தார். மூலையில் தொடங்கினால் இழை கோணிவிடும். பருத்தித்துணி ஈரக்காற்றில் தளர்ந்து, கூம்பின் அதிர்வில் படபடக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்த்தார். உடைந்த பிளாஸ்டிக் குமிழ்களுக்குப் பதிலாக மரக்குச்சிகளைச் சீவிப் பொருத்தினார்.

மறுநாள் மாலை அந்தப் பெண் நாடாவை இருமுறை கேட்டார். மூன்றாம் முறை ஓட்ட வேண்டாம் என்று கைகாட்டினார்.

"இத்தனை வருஷமா நானேதான் மூடி வச்சிருந்தேனா, அண்ணா?"

"பிள்ளைங்க கை வைக்காம காப்பாத்தினதும் நீதானேம்மா. அந்தத் துணி இல்லேன்னா கூம்பே கிழிஞ்சிருக்கும்."

ஒலிநாடாவைக் கணினியில் ஏற்றும் வேலையையும் அவர் ஒப்புக்கொண்டார். கழற்றிய திரைச்சீலையை அந்தப் பெண் உதறி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இப்போது அது அவருடைய அறையில், கேசட் பிளேயருக்கு அடியில் விரிக்கப்பட்டிருக்கிறது.