அடைப்புக்குறிக்கு வெளியே

ஆங்கில ஆய்வுக் கட்டுரையில் பிறர் குரல் எந்த வழியாக உள்ளே வருகிறது? மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் இரண்டு வழி சொன்னார். பெயர் வாக்கியத்திலேயே நிற்கும். இல்லையென்றால் ஆண்டோடு அடைப்புக்குறிக்குள் ஒதுங்கும். கென் ஹைலண்ட் 1999இல் எட்டுத் துறைகளின் 80 கட்டுரைகளை அலசினார். தத்துவத்தில் ஆள் நேரில் வந்து வாதாடுகிறார். உயிரியலிலும் இயற்பியலிலும் முடிவு முன்னால், ஆள் அடைப்புக்குறிக்குள்.

*

வினைச்சொல்லிலும் அரசியல் உண்டு. 'கண்டறிந்தது' என்றால் எழுதுபவரும் ஒப்புக்கொள்கிறார். 'என்று கூறிக்கொள்கிறார்' என்றால் கை கழுவுகிறார். மொழியியலாளர்கள் மார்ட்டினும் ஒயிட்டும் 2005இல் இதை விரிவாக எழுதினார்கள்.

*

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பிளாச்சிமடா. கோக-கோலா ஆலை 2000இல் ஓடத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் கெட்டதை முதலில் சொன்னது அதில் சோறு வடித்த ஆதிவாசிப் பெண்கள். 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்த ஆலைக் கழிவில் ஈயமும் காட்மியமும் இருப்பதை, பிபிசி வானொலிக்காகச் சோதித்த எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வகம் 2003இல் சொன்னது. கட்டுரை மரபுப்படி எழுதினால் ஆய்வகம் 'கண்டறிந்தது', பெண்கள் 'புகார் கூறினர்'. ருசி பார்த்த நாக்குக்கு அந்த வினைச்சொல் கிடைக்காது.

*

ஆலை வாசலில் உட்கார்ந்த பெண்களை முன்னின்று நடத்திய மயிலம்மா 2007இல் இறந்தார். அவர் சொல்லச் சொல்ல ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் எழுதிய வாழ்க்கைக் கதை 2018இல் ஆங்கிலத்தில் வந்தது. இனி அவர் பேச்சை மேற்கோள் காட்டலாம், ஆனால் பரியாடத்து, 2018 என்று. எழுதியவருக்குத்தான் ஆண்டு, பேசியவருக்கு இல்லை. ஜோதிபாயைக் குறை சொல்லவில்லை, அவர் இல்லாவிட்டால் அந்தப் பதிவும் இருந்திருக்காது.

*

பேசியவர் பெயரை மறைப்பதில் நியாயமும் இருக்கிறது. பீர்மேடு தேயிலைத் தோட்டங்களின் தமிழ் தலித் தொழிலாளர்களைப் பற்றி ஜெயசீலன் ராஜ் எழுதிய ஆங்கில நூல் 2022இல் வந்தது. அவரும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தவர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், இருந்து பேசியவர் இன்னார் என்று அச்சில் வந்தால், மறுநாள் சூப்பர்வைசர் முகத்தில் முழிக்க வேண்டியவர் அவர்தான். மானிடவியலில் புனைபெயர் வைப்பது இதற்காகத்தான். ஆனால் பெயர் சொல்லிப் போராடியவர்களுக்கும் அதே முக்காட்டைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

*

மூணாறு, 2015 செப்டம்பர். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்ததும் தேயிலைத் தோட்டப் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். 'பெம்பிளை ஒருமை', பெண்கள் ஒற்றுமை, என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். தங்களுக்காகப் பேச வந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களை அண்டவிடவில்லை. அங்கே அவர்கள் தமிழில் சொன்னதை இன்று ஒருவர் மேற்கோள் காட்ட வேண்டுமானால், ஆங்கில நாளிதழ்ச் செய்திதான் வசதி. அதற்குத் தேதி இருக்கிறது, பக்க எண்ணும் இருக்கிறது.