அவகாசம்

1960 விம்பிள்டன் அரையிறுதியில் ராமநாதன் கிருஷ்ணன் நீல் ஃபிரேசரிடம் தோற்றார். மறுவருஷம் ராட் லேவரிடம். இருவருமே அந்தந்த வருஷம் பட்டத்தையும் கொண்டுபோனார்கள். அதே 1960இல்தான் ராஜா ராவின் 'தி சர்ப்பன்ட் அண்ட் தி ரோப்' வெளிவந்தது. 1938இல் வந்த 'காந்தபுரா'வுக்கு அடுத்த நாவல். பிற்பாடு டெக்சாஸில் தத்துவம் போதித்தார்.

ஆட்டக்காரனுக்கு இருபத்திரண்டு வருஷ அவகாசம் கிடையாது. உடம்பே கெடு வைத்துவிடுகிறது. எழுதுகிறவனுக்கு உண்டு, ஆபத்தும் அதுதான்.

ஆறு வருஷமாக ஒரு கட்டுரையும் முடிக்காத நான், வங்கி கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ராஜா ராவைச் சாக்காகச் சொல்லிவந்தேன். ரமணரின் மௌனத்தைக் கொண்டாடும் திருவண்ணாமலையில் அது எடுபட்டது. ஆனால் அவருடைய இடைவெளியின் முடிவில் ஒரு நாவல் இருந்தது. என்னுடையதில் சாக்கு மட்டுமே.

தோற்ற மைதானத்துக்கே கிருஷ்ணன் மறுவருஷமும் போய் நின்றார். இதை இன்றைய தபாலில் சேர்த்துவிடுகிறேன்.