பென்ஷன் வந்த மறு மாதம்

பட்டாளத்துக்காரன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்டான் என்று செய்தி வந்தால், டீக்கடையில் எழும் முதல் கேள்வி, "எல்லையில் என்னத்தைப் பார்த்தானோ?" என்பதுதான். சீருடையில் முடி நரைத்தவன் நான். சண்டையின் வடுவைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் பாரக்கில் பையன்கள் சுருண்டு கிடந்த ராத்திரிகளில், பெரும்பாலும் அன்று ஊரிலிருந்து போன் வந்திருக்கும்.

பங்காளி வரப்பை நகர்த்திவிட்டான். கல்யாணக் கடனுக்கு வட்டி ஏறுகிறது. மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். லடாக்கில் நிற்பவன் இதைக் கேட்டு லீவு கேட்பான். சில நேரம் கிடைக்காது. நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த பதில்களிலும் குடும்பச் சிக்கல், பணக்கஷ்டம், மனஅழுத்தம் என்றுதான் காரணங்கள் வருகின்றன. படைவீரர் வழக்குகளுக்கென்று 1925-லேயே வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். போர்முனையில் இருப்பவன் வரமுடியாதபோது அவன் சிவில் வழக்கை நிறுத்திவைக்க அது வழி செய்தது. கோர்ட்டைக் கட்டுப்படுத்திவிட்டது, சரி. பங்காளியை யார் கட்டுப்படுத்துவது?

அமெரிக்காவில் சுமார் 39 லட்சம் படைவீரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். போர்முனைக்குப் போனதற்கும் தற்கொலைக்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. படையை விட்டு வெளியேறியவர்களிடம்தான் ஆபத்து கூடியிருந்தது. அதிலும் நான்கு ஆண்டு முடியுமுன் வெளியே வந்தவர்களிடம் அதிகம். நாடு வேறு, ஆனால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

நம் சிப்பாய் நாற்பதை நெருங்கும்போதே பென்ஷனோடு வந்துவிடுகிறான். முதல் மாதம் விருந்து. மறு மாதம் விடியற்காலை எழுந்து ஷேவ் செய்துகொண்டு, போக இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். பிள்ளைகள் அவனில்லாமலே வளர்ந்து பழகியிருப்பார்கள். வீட்டுக் கணக்கு மனைவி கையில். அவன் அதட்டினால் சண்டை, அதட்டாவிட்டால் விருந்தாளி. ஏ.டி.எம். வாசலில் காவல் வேலை கிடைக்கும். அங்கே அவனை "வாட்ச்மேன்" என்பார்கள். முழங்கால் வலி, தூக்கமின்மை, அதற்கு மருந்தாகக் கேன்டீன் ரம். நம் ஊர்க்காரர்கள் அந்தப் பாட்டிலில் பங்கு கேட்டு வருவார்களே தவிர, ராத்திரி தூங்கினாயா என்று கேட்க மாட்டார்கள்.

கேட்க வேண்டும். "செத்துப்போகலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த நினைப்பு முளைக்காது. மனநல மருத்துவர்கள் உறுதியாகச் சொல்வது இது. "ஆமாம்" என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். காவல் வேலைக்காக லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவன் என்றால், மனம் தேறும்வரை அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து வைக்கலாம். 14416-ல் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸ் இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கும், தமிழிலும் பேசலாம். படையினருக்கென்று 2023 டிசம்பரில் புனேயில் தனிப் பிரிவே தொடங்கினார்கள்.

பணியில் இருப்பவன் டாக்டரிடம் வாயைத் திறக்காததற்குக் காரணம் உண்டு: மெடிக்கல் கேட்டகரி இறங்கினால் பிரமோஷன் போய்விடும். அந்தப் பயம் நியாயமானது. அதிகாரிகள்தான் போக்க வேண்டும். ஓய்வு பெற்ற தம்பிகள் பலர் அந்தப் பயத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். இறங்குவதற்கு இனிக் கேட்டகரி ஏது? முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையைக் காட்டி மனநல மருத்துவரைப் பார்த்தால் பென்ஷனில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.