ஆன் ஆகுது, ஆஃப் ஆகுது

திருவல்லிக்கேணியில் டிடிபி கடை வைத்திருக்கும் நண்பர், பழைய லேப்டாப் ஒன்றைக் கைவிட மனமில்லாமல் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று அவர் கடையின் மாதிரிகள் அத்தனையும் அதற்குள்தான். எல்லாம் பேஜ்மேக்கரில், யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் செய்தவை. புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத குறிகளாக வந்து நிற்கும். அந்த லேப்டாப்புக்குத்தான் இந்த வியாதி வந்தது. பட்டனை அழுத்தினால் கம்பெனி பெயர் வரும், விண்டோஸ் சின்னம் வரும், உடனே பொட்டென்று அணைந்துவிடும். சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மதர்போர்டு போச்சு. இந்த மாடலுக்கு இனி போர்டு வராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ரிச்சி தெருவில் ஒரு மாஸ்டர் இருக்கிறார், கூட வந்தால் பார்க்கலாம் என்றார் நண்பர்.

அண்ணா சாலையிலிருந்து திரும்பி உள்ளே நுழைந்தால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். கீழே சிசிடிவி, கேபிள், சார்ஜர் கூவல். அந்தக் கூவலைத் தாண்டி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டிய ஒரு மாடிப்படி. மேலே உள்ள அறையில் மூன்று மேசைகள், ஒரு மைக்ராஸ்கோப், ஃபிளக்ஸ் புகையை வெளியே தள்ள ஜன்னலில் ஒரு சின்ன ஃபேன். அந்த ஃபேனை நம்பி நுரையீரலை ஒப்படைக்க முடியாது. அது பெயருக்குத்தான் சுற்றுகிறது.

மாஸ்டர் வந்தவாசிப் பக்கம். பத்தாவது முடிக்காமல் இந்தத் தெருவுக்கு ரேடியோக் கடைப் பையனாக வந்தவர். டிரான்சிஸ்டர் செட், அப்புறம் வி.சி.ஆர்., அப்புறம் கலர் டிவி போர்டு, அப்புறம் பெட்டி மானிட்டர். ஒவ்வொரு சாமானும் வழக்கொழியும்போது அடுத்ததைத் தானே பிரித்துப் பார்த்துக் கற்றிருக்கிறார். லேப்டாப்பில் கை பழகியது 2011க்குப் பிறகு. அந்த வருடம் செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த சில வருடங்களில் ஊர் ஊராகப் பழுதான மெஷின்கள் மூட்டையாக இங்கே வந்து இறங்கின. "எல்லாம் ஒரே மாதிரி போர்டு சார். ஒண்ணுல போனது இன்னொண்ணுல நல்லா இருக்கும். பக்கத்துல பக்கத்துல வெச்சு அளந்து பார்த்தே கத்துக்கிட்டேன். எனக்கு அதான் காலேஜ்."

நண்பரின் லேப்டாப்பை மூடியிலிருந்த பெயரைக்கூடப் பார்க்காமல் கவிழ்த்தார். மேலே எந்தக் கம்பெனி பெயர் இருந்தாலும் உள்ளே போர்டு பெரும்பாலும் தைவான்காரர்கள் வடிவமைத்தது. 'எல்ஏ' என்று எண் தொடங்கினால் காம்பல், 'டிஏ' என்று தொடங்கினால் குவாண்டா. அந்த எண்ணை வைத்துத்தான் சர்க்யூட் வரைபடம் தேட வேண்டும். கம்பெனிகள் அதை வெளியே கொடுப்பதில்லை. எங்கோ கசிந்து, கை மாறி, காசுக்கு விற்கப்பட்டு இவருடைய ஹார்ட் டிஸ்க்கில் வந்து சேர்ந்திருக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தது. அதைச் சொன்னேன். "அதுல வரைபடம் கிடைக்குதா சார்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஃபேன். கடையின் காகிதத் தூசு சேர்ந்து காற்று போகும் வழியை அடைத்திருந்தது. ப்ராசசர் மேல் பூசிய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. ப்ராசசர் சூடு நூறு டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்கவில்லை என்றால் மெஷினை அணைத்துவிடும். ஆன் ஆகி ஆஃப் ஆகிறது என்று வருவதில் நிறைய இந்தக் கேஸ்தானாம். துடைத்து, புது பேஸ்ட் வைத்து ஆன் செய்தார். அதே இடத்தில் அணைந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அதே கதை.

அடுத்து அவர் செய்தது எதையும் தொடாத வேலை. பயாஸ் திரையைத் திறந்து அப்படியே விட்டுவிட்டு டீ சொன்னார். டீ வந்தது, குடித்தோம், திரை அப்படியே நின்றது. பிறகு சேஃப் மோடில் விண்டோஸைத் திறந்தார். அதுவும் நின்றது. "சூடுன்னா பயாஸ்லயே போயிருக்கணும். சாஃப்ட்வேர்னா நீலத் திரை வரும், இல்ல ரீஸ்டார்ட் ஆகும். இப்படி மொத்தமா கட் ஆகாது. வேலை ஏறினாத்தான் விழுது. அப்ப ப்ராசசருக்குப் போற கரண்ட்டுலதான் குறை."

அடாப்டரை உருவிவிட்டு டிசி சப்ளையில் இணைத்தார். 19 வோல்ட். அதிலிருக்கும் ஆம்பியர் எண்களைத்தான் அவர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அணைந்திருக்கும்போது 0.02. பட்டனை அழுத்தியதும் 0.4, 0.9, கொஞ்சம் தயங்கி 1.3. விண்டோஸ் சின்னம் வந்ததும் எண் மேலே பாய்ந்து, கண் சிமிட்டுவதற்குள் 0.02க்கு விழுந்தது. மறுபடியும் செய்தார். அதே இடத்தில் விழுந்தது. "பார்த்தீங்களா" என்றார். நான் பார்த்தேன்தான், ஆனால் அவர் பார்த்ததைப் பார்க்கவில்லை.

ப்ராசசருக்கு அடியில், போர்டின் மறுபக்கத்தில், தட்டையான செவ்வகக் கப்பாசிட்டர் ஒன்று. அந்தக் காலத்து மாடல்கள் சிலவற்றில், பத்துப் பதினைந்து சின்னக் கப்பாசிட்டர்கள் செய்கிற வேலையை இது ஒன்றே செய்யும் என்று வைத்தார்கள். ப்ராசசர் குடிப்பது சுமார் ஒரு வோல்ட்தான், ஆனால் ஆம்பியர் முப்பதைத் தொடும், அதுவும் திடீர் திடீரென்று. "மொட்டை மாடித் தொட்டி மாதிரி சார். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்துல திறந்தா மோட்டார் தண்ணி பத்தாது, தொட்டிதான் கொடுக்கணும். இந்தத் தொட்டி வத்திப் போச்சு." வருடக்கணக்கில் சூடு தின்று அதன் கொள்ளளவு குறைந்துவிட, விண்டோஸ் ஏறும் நொடியில் வோல்டேஜ் சரிகிறது, போர்டு பயந்து கட் செய்கிறது.

ஹாட் ஏர் கன்னை எடுத்தார். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு போர்டுகளில் ஈயமில்லாத சால்டர்தான். பழையது 183 டிகிரியில் உருகும், இது 217க்கு மேல்தான் இளகும். அதனால் ஓரங்களில் ஈய சால்டரைக் கலந்துவிட்டு, ஃபிளக்ஸ் தடவி, கன்னை வட்டம் வட்டமாக ஆட்டினார். ட்வீஸரால் அழுத்தவில்லை, தொட்டு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று அது வழுக்கியது. அடியில் இரண்டு ஓரத்திலும் பாசிட்டிவ், நடுவில் கிரவுண்ட். கரண்ட் அந்தக் கப்பாசிட்டர் வழியாகவே கடந்து போகும் அமைப்பு. எடுத்துவிட்டால் பாதை அறுந்துவிடும் என்பதால் தடித்த செம்புக் கம்பியால் இரு ஓரங்களையும் இணைத்தார். அதன் மேல், வேறு ஒரு செத்த போர்டிலிருந்து பிடுங்கிய மஞ்சள் நிற டான்டலம் கப்பாசிட்டர் நான்கு. ஒவ்வொன்றும் 330 மைக்ரோஃபாரட். "கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ். திருப்பி வெச்சா வெடிக்கும்" என்றார் என்னைப் பார்த்து, நான்தான் வைக்கப்போகிறேன் என்பதுபோல.

பக்கத்து மேசையில் தம்பி ஒருவன் வேறு போர்டில் ஷார்ட் தேடிக்கொண்டிருந்தான். ஒரு வோல்ட் மட்டும் உள்ளே விட்டு, போர்டு முழுக்க ஐபிஏ ஸ்பிரிட்டை ஊற்றினான். பளபளத்த ஈரத்தில் கடுகளவு ஓர் இடம் மட்டும் முதலில் காய்ந்தது. சூடாகும் குற்றவாளி அதுதான். மூன்றாவது மேசையில் பயாஸ் சிப்பைக் கழற்றி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிப்பில் இருக்கும் இன்டெல் 'எம்இ' பகுதி கெட்டுப்போனால் சரியாக அரை மணி நேரம் ஓடி அணையுமாம். அந்த மேசையில் எனக்கு அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை.

நண்பரின் லேப்டாப் விண்டோஸைத் தாண்டியது. பேஜ்மேக்கர் திறந்தது. யாரோ ஒரு வீட்டுக் காதணி விழாப் பத்திரிகை திரையில் வந்து நின்றது.

கீழே வந்து, மாஸ்டருக்கு போர்டு அனுப்பும் கடையின் கவுன்டரில் காசு கொடுத்தோம். 2,800 ரூபாய். அதில் மேலே மாஸ்டருக்குப் போவது 900 என்று தம்பி பிறகு சொன்னான். அந்தக் கணக்கில் எனக்கு வயிறு எரிந்தது. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை. பில்லில் 'மதர்போர்டு சர்வீஸ்' என்று இருக்கும், மாஸ்டர் பெயர் எங்கும் இல்லை. முப்பது நாள் வாரன்டி கொடுப்பது கடை, அதற்குள் திரும்பி வந்தால் சும்மா செய்து கொடுப்பது மாஸ்டர். இதையெல்லாம்விடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. போர்டு சரியாகவில்லை என்றால் மாஸ்டருக்கு ஒரு பைசா கிடையாது. இரண்டு நாள் தேடி, இது தேறாது என்று சரியாகக் கண்டுபிடித்தாலும் கூலி பூஜ்யம். டாக்டர் வியாதியைச் சொன்னதற்கு ஃபீஸ் வாங்குகிறார், வக்கீல் வழக்கு தோற்றாலும் வாங்குகிறார். இந்தத் தொழிலில் மூளை செய்யும் வேலை இலவசம், கை செய்வதற்கு மட்டும் கூலி. போதாததற்கு, சில இடைத்தரகர்கள் மாஸ்டரிடம் அனுப்பாமலே ஒரு வித்தை செய்கிறார்கள். சேஃப் மோடில் போய் ப்ராசசர் வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துவிடுவார்கள். பளு ஏறாததால் மெஷின் அணையாது. 'ரெடி' என்று முழுக் காசும் வாங்கிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துக் கப்பாசிட்டர் முற்றிலும் போகும்போது வாரன்டியும் போயிருக்கும்.

இதை எல்லாம் எழுதப்போகிறேன், உங்கள் பெயரும் போனும் போடட்டுமா, கஸ்டமர் நேரே வருவார்களே என்று மறுபடி படியேறிப் போய் மாஸ்டரிடம் கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். "கீழ இருக்கிறவர் போர்டு அனுப்பறதை நிறுத்திடுவார் சார். நேரா வர்றவங்க இந்தப் படி ஏற மாட்டாங்க. ஏறினாலும் நாலு ஸ்பேரைக் காட்டி, இதுக்கா இவ்ளோ காசும்பாங்க. அவர்கிட்ட அப்படிக் கேக்க மாட்டாங்க, ஏசி இருக்குல்ல. பேரம் பேச எனக்கு வராது." தம்பி சிரித்தான். அவன் ஐபோன் வேலைக்கு மாறப்போகிறானாம். புது லேப்டாப்புகளில் ப்ராசசர், ரேம் எல்லாம் போர்டோடு ஒட்டியே வருகிறதாம், ரிஸ்க் முழுக்க நம் தலையில் என்கிறான்.

நாங்கள் கிளம்பும்போது மாஸ்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "எழுதறதா இருந்தா இதை எழுதுங்க சார். லேப்டாப்ல தண்ணி கொட்டிச்சுன்னா ஆன் ஆகுதான்னு ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. அரிசி மூட்டையிலயும் போடாதீங்க. பேட்டரியைக் கழட்டிட்டு அன்னிக்கே கொண்டாந்துருங்க."